அம்சவல்லி கார்டைத் தொடாத நாள்

அம்சவல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் அது அவளாக இருக்காது. கதவைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடப்பாள், திரும்பி ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். என்னோடு வேலைக்குக் கிளம்பி ஏரிக்கரை ஏறும்போது சட்டென்று நின்றுவிடுவாள்.

"யக்கா, அடுப்புல தண்ணி தெளிச்சேனா?"

"தெளிச்சடி. அந்தப் புகை பட்டு என் கண்ணு இன்னும் எரியுது."

"மெய்யாலுமா?"

"பின்ன இன்னா, கண்ணத் தொறந்து காட்டட்டுமா?"

அப்புறம்தான் அடுத்த அடி வைப்பாள்.

பென்னலூரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் புருஷன் ரகுபதி மெட்ராசில் லாரி கிளீனர். மாதத்துக்கு ஒரு தடவை வருவான், சில மாதம் வரவே மாட்டான். ஏரிக்குக் கீழே துண்டு நிலம், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், எழுந்து நடக்க முடியாத மாமியார். இத்தனையும் அவள் ஒருத்தி தலையில். இப்படி இருக்கிறவள் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? அவளைப் பைத்தியம் என்று சொன்னவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கும் போடுவேன்.

எழுபதுகளின் நடுவில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இவ்வளவு கம்பெனி ஏது? ரோட்டோரமாகத் தகரக் கொட்டகை போட்டு, சைக்கிள் மணி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. நாங்கள் இருவரும் அங்கேதான் வேலை பார்த்தோம். ஒரே பெஞ்சு. நான் மணியின் கிண்ணத்தை மாட்டித் திருகுவேன். அவள் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் பெட்டிக்குள் போகும். மொத்தென்றால் ஒதுக்கி வைப்பாள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் செவிட்டு மணி.

இருவருமே டெம்பரரிதான். நாளைக்கு வராதே என்று யார் சொன்னாலும் நின்றுவிட வேண்டும். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் சில பேரை பர்மனென்ட் ஆக்கப் போவதாகவும், அதில் அம்சவல்லி பெயர் இருப்பதாகவும் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். என் பெயர் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, என் இரண்டு பையன்களும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள்தான் ராத்திரி பகலாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பர்மனென்ட் ஆயிட்டேன்னு வெச்சுக்கோயேன், அப்புறம் பூட்ட ஒரு வாட்டிதான் பாப்பேன்க்கா" என்பாள்.

இனி அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ் சுவரில் பெரிய இரும்புப் பெட்டி மாதிரி ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. எங்கேயோ பழசாக வாங்கி வந்தது, கரண்டில் ஓடுவது. அதன் வாயில் கார்டைச் செருகிப் பிடியை அழுத்தினால் டங்கென்று மணி அடித்து, நேரம் அச்சில் விழும். கார்டில் திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வரிசை. வரிசைக்கு இரண்டு கட்டம், இடது பக்கம் வந்த நேரம், வலது பக்கம் போன நேரம். இடமா வலமா என்பதற்கு ஒரு நெம்புகோல் உண்டு. அதைக் காலையும் மாலையும் வாட்ச்மேன் தணிகாசலம் திருப்பி வைப்பார். எந்த நாள் என்பதைக் கடிகாரமே பார்த்துக்கொள்ளும். உள்ளே ஒரு தட்டு இருக்கிறது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது ஒரு படி நகரும், கார்டு அடுத்த நாள் வரிசையில் போய் நிற்கும். காலை நேரமா மாலை நேரமா என்று அந்த அச்சில் வராது, வெறும் எண்தான் விழும். இதெல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. கார்டு வைக்கிற தட்டியில் இரண்டாவது வரிசையில் ஓரமாக இருப்பது என்னுடையது, அதை ஒட்டி இருப்பது அம்சவல்லியுடையது. இடத்தை வைத்துத்தான் எடுப்போம். டங்கென்று கேட்டால் சரி, திரும்ப அங்கேயே செருகிவிட்டு நடையைக் கட்டுவோம். எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்?

அந்த வருஷம் ஆயுத பூசை சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஞாயிறு விஜயதசமி. திங்கட்கிழமை வேலை.

அன்று காலையில் டைம் கீப்பர் பாண்டுரங்கன் தணிகாசலத்தோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பாண்டுரங்கன் மெலிந்த மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். மேனேஜர் நிழல் தெரிந்தாலே பேனா கை நழுவிவிடும் அவருக்கு.

"இன்னாயா இது? கடியாரத்து வாய் பூரா சந்தனம்! நாளு நவுராம சனிக்கிழமையிலயே நிக்குது பாரு!"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். பாண்டுரங்கன் ஈரத்துணியால் துடைத்து, சாவி போட்டு, நாளைத் திங்களுக்கு நகர்த்தினார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள் இரண்டும் சரியாக இருந்தன. நாங்கள் கார்டு போட்டுவிட்டு உள்ளே போனோம். அவ்வளவுதான் நடந்தது.

புதன்கிழமை அம்சவல்லிக்கு முறைத் தண்ணீர். ஏரி மதகிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். நம் முறை வருகிறபோது வரப்பில் ஆள் நிற்காவிட்டால் மேல்கழனிக்காரன் மடையைத் திருப்பிக்கொள்வான். ரகுபதி ஊரில் இல்லை. செவ்வாய்க்கிழமையே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, புதன்கிழமை முழுக்க மண்வெட்டியோடு வரப்பில் நின்றாள். தீபாவளி போனஸ் வரப்போகிற நேரம், அந்த வாரம் வேறு யாரும் லீவு போடவில்லை. அவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை காலை நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பாண்டுரங்கன் கார்டும் கையுமாக வந்தார். முந்தின நாள் வராதவர்கள் கார்டை எடுத்துச் சிவப்பு மையில் கோடு போடுவது அவர் வேலை. முகம் வெளுத்திருந்தது.

"அம்சவல்லி, மேனேஜர் கூப்புடறாரு. கனகம், நீயும் வாம்மா."

"இன்னா சார் ஆச்சு?" என்றேன்.

"வாங்க, சொல்றேன்" என்றார். சொல்லவில்லை.

அம்சவல்லி எழுந்தபோது கையிலிருந்த மணி உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, தட்டிப் பார்த்து, பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

மேனேஜர் மெட்ராசிலிருந்து காரில் வருகிறவர். சத்தம் போட மாட்டார். அதுதான் பயம்.

"நேத்து நீ வேலைக்கு வந்தியா?"

"இல்ல சார். மொறத் தண்ணி சார். சூப்ரவைசர் கையில சொல்லிட்டுத்தான் போனேன்."

"வரலை. அப்போ சாயங்காலம் சங்கு ஊதினதும் உன் கார்டைப் போட்டது யார்?"

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பாண்டுரங்கன் கார்டை நீட்டிக் காட்டினார். புதன்கிழமை வரிசையில் வந்த கட்டம் காலி. போன கட்டத்தில் நேரம் கறுப்பாக விழுந்திருந்தது.

"நான் போடல சார். நான் ஏரிக்கீழ இருந்தேன். ஊரே பாத்துச்சு சார். மடைக்காரரு பாத்தாரு, பக்கத்துக் கழனியில நடவுக்கு வந்த பொம்பளைங்க அத்தினி பேரும் பாத்தாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ அங்கே இருந்தே. கார்டு இங்கே விழுந்திருக்கு. காலையில கூட்டத்துல போட முடியலை, சாயங்காலம் உனக்காக ஒருத்தி போட்டிருக்கா. காலையில போட மறந்துட்டேன்னு சொல்லி ஒரு நாள் கூலி வாங்கிடலாம்னு கணக்கு."

எப்படி இருக்கிறது பாருங்கள். அவள் வயலில் இருந்தாள் என்று எத்தனை சாட்சி சொல்கிறாளோ, அத்தனைக்கும் குற்றம் கெட்டிப்படுகிறது.

"கடியாரத்துல ஏதாவது..." என்று பாண்டுரங்கன் மெல்ல இழுத்தார்.

"மத்தவங்க கார்டைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் சார். இதோ கனகத்தோடது. நேத்து வந்தது, போனது, ரெண்டும் சரியா விழுந்திருக்கு." என் கார்டைத் தூக்கிப் பிடித்தார். புதன்கிழமை வரிசைக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தார். அந்த விரலை ஒரு அங்குலம் நகர்த்தியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நகர்த்தவில்லை.

மேனேஜர் அம்சவல்லியின் கார்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "திங்கட்கிழமை வந்திருக்கே. போனது போடவே இல்லையே? நடுவிலே எங்கே நழுவிப் போனே?"

"போட்டேன் சார்! மணி அடிச்சுது சார்!"

"மணி அடிச்சா அச்சு எங்கே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "சார், ரெண்டு பேரும் சேந்துதான் போட்டோம், சேந்துதான் போனோம்."

"உன் கார்டு எது, அவ கார்டு எது?" என்று கேட்டார்.

"பக்கத்துப் பக்கத்துல கீது சார்."

"அது தெரியும்" என்றார். அப்போதுதான் என்னை எதற்கு அழைத்தார்கள் என்று புரிந்தது.

அவளைப் பார்த்துச் சொன்னார்: "சாயங்காலம் சங்கு ஊதுற வரைக்கும் டைம் தரேன். போட்டது யாருன்னு சொல்லு, உனக்கு ஒண்ணும் ஆகாது, அவளோட முடிஞ்சுடும். சொல்லலைன்னா வேலையை விட்டு நானே போறேன்னு எழுதின பேப்பர் இருக்கும், கைநாட்டு வெச்சுட்டுப் போ."

பெஞ்சுக்குத் திரும்பினோம். சுற்றிலும் தட்டுகிற மணிச் சத்தம், யாரும் எங்களைப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். அம்சவல்லி ஒரு மணியை எடுத்துத் தட்டினாள். மறுபடி தட்டினாள். அதையே தட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானடி கீது, உள்ள போடு" என்றேன்.

"கேக்கல யக்கா. காதுல ஒண்ணுமே விழல."

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "இத பாரு. நான்தான் போட்டேன்னு போய்ச் சொல்லிடறேன். என் பசங்க ரெண்டு பேரும் சம்பாரிக்கறானுங்க. உனக்கு யாரு கீறாங்க?"

"நீ போட்டியா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கினு கிண்ணத்த மாட்டு."

"பிடிவாதம் புடிக்காதடி. தீபாவளிக்கு பர்மனென்ட்டு. பொண்ண நெனச்சுப் பாரு."

"நெனச்சுக்கினுதான் கீறேன். செய்யாதத செஞ்சேன்னு நீ சொன்னா, அந்த ஆளு நம்பிடுவாரு. நாளைக்கு உன்ன எவன் எந்தக் கம்பெனியில சேப்பான்? திருடின்னுவான். உன் பக்கத்து வூட்டுல நான் எப்பிடி அடுப்பு எரிப்பேன்?"

நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. சோற்று நேரம் வரை அதே சண்டை. தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவள் ஒன்று கேட்டாள் பாருங்கள்.

"யக்கா, ஒருவேள நானே வந்து போட்டுட்டுப் பூட்டேனா?"

"இன்னாடி பேசற?"

"அடுப்ப அணச்சது மறந்துடுது. பூட்டுப் போட்டது மறந்துடுது. கழனியிலேந்து ஓடியாந்து, போட்டுட்டு, திரும்பப் போயி... அதையும் மறந்துட்டேனா? திங்கக்கிழம போடாமயே போட்டேன்னு நெனச்சுக்கினேனா?"

"சேத்துக் காலோட ரெண்டு மைல் ஓடியாந்தியா? கேட்டுல தணிகாசலம் வுட்டாரா உன்ன?"

"தெரியலயே" என்றாள். உண்மையாகவே தெரியாதவள் மாதிரி சொன்னாள். தன் காலைத் தூக்கி, விரல் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். வேலை போவதை விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனுஷி தன்னையே நம்பாமல் போய்விட்டால் அப்புறம் அவளை யார் தூக்கி நிறுத்துவது?

கை கழுவக் குழாயடிக்குப் போனபோது தணிகாசலம் அங்கே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் எங்களைக் கண்டால், "இன்னா பென்னலூரு மகாராணிங்க, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று வம்புக்கு இழுப்பவர், அன்றைக்கு எழுந்து நின்றார்.

"இன்னா தங்கச்சி, யாரோ உன் கார்ட போட்டுட்டாங்களாமே?"

"நேத்து போட்டுட்டாங்களாம்ணா. நீ கேட்டுலதான நின்ன? யாராவது ரெண்டு கார்டு போட்டாங்களா?" என்றேன்.

"ஒருத்திக்கு ஒரு மணிதான் அடிச்சுது. நான் நெம்புகோல் பக்கத்துலயேதான நின்னேன்" என்றார். பிறகு, "திங்கக்கிழம சாயங்காலம் போட்டது விழலியாமே?" என்று கேட்டார்.

"விழலியாம்."

பீடியைக் கீழே போட்டார். அது இன்னும் பாதிகூட எரியவில்லை. கேட்டுப் பக்கம் போய்விட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சங்கு ஊதியது. எல்லோரும் வழக்கம் போல் டைம் ஆபீஸ் எதிரில் வரிசையில் நின்றோம். மேனேஜர் வாசலில் நின்றிருந்தார், மேசை மேல் அந்தப் பேப்பர், பக்கத்தில் மை டப்பா. அம்சவல்லி எனக்கு முன்னால் நின்றாள். அவள் முறை வந்தது. தட்டிக்கு எதிரில் போய் நின்றவள் கார்டை எடுக்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"என்ன, பேர் சொல்றியா?" என்றார் மேனேஜர்.

"எனக்குப் பேரு தெரியாது சார்."

"அப்போ கார்டைப் போட்டுட்டு இங்கே வா."

"நான் கார்டத் தொட மாட்டேன் சார்."

"என்ன?"

"நான் தொட்டா போட்டேன்றீங்க, போடலன்றீங்க. நான் தொடவே மாட்டேன். டைம் கீப்பர் சாரே அவரு கையால எடுத்துப் போடட்டும். எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் நான் கைநாட்டு வெக்கறேன்."

பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"இன்னாமே, கைக்கு மருதாணி வெச்சுக்கினு கீறியா?"

"பஸ்ஸு பூடும்மே! வாலாஜாபாத் போறவ நான், நடந்தா போவேன்?"

"சும்மா இருங்கடி" என்று நான் திரும்பிக் கத்தினேன். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்சவல்லி தட்டிக்கு எதிரிலேயே நின்றாள். இடத்தை விட்டு நகரவில்லை. தைரியமாகச் செய்தாள் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். தைரியமில்லை. அவளுக்கு அவள் கையே பயமாக இருந்தது, அதனால்தான் தொடவில்லை.

மேனேஜர் சலிப்போடு தலையசைத்தார். பாண்டுரங்கன் தட்டியிலிருந்து அவள் கார்டை உருவி, கடிகாரத்தின் வாயில் செருகி, பிடியை அழுத்தினார். டங். கார்டை வெளியே எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா?"

"சார்... இன்னிக்கு வியாழக்கிழமதான சார்?"

"ஏன், உனக்கு அதுலயும் சந்தேகமா?"

"வெள்ளிக்கிழம வரிசையில விழுந்திருக்கு சார்."

"நீ சரியா செருகலை."

"சரியாத்தான் சார் செருகினேன். இத்தினி வருஷமா..." என்று சொல்லிக்கொண்டே தட்டியிலிருந்து என் கார்டை எடுத்தார். இப்போது அதன் மேல் விரல் இல்லை. "கனகம், நீ இன்னிக்குப் போவும்போது போட்டுட்டியா?"

"உங்க எதிர்லதான சார் நிக்கறேன். இன்னும் போடலயே."

"வியாழக்கிழம போன கட்டத்துல நேரம் விழுந்திருக்கே!"

அடுத்தவள் கார்டை எடுத்தார், அதற்கடுத்தவள் கார்டை எடுத்தார். எல்லாவற்றிலும் இன்னும் முடியாத இன்றைய சாயங்காலம் ஏற்கனவே அச்சாகி இருந்தது. எல்லோருடைய திங்கட்கிழமை சாயங்காலமும் காலியாக இருந்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நிமிஷம்கூடத் தப்பலையே. சரியாத்தானே ஓடுது?"

அப்போதுதான் தணிகாசலம் கேட்டை விட்டு உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும். பூசையன்னிக்கு நான்தான் சார் அத நிறுத்தினேன்."

"எதை?"

"கடியாரத்த. எல்லா மிஷினும் ஓய்வா கீது. சுத்தி, அரம், திருப்புளி அத்தினியும் சாமிக்கு முன்னால வெச்சாச்சு. இது ஒண்ணு மட்டும் ஓடிக்கினே கீது சார். மனசு கேக்கல. சந்தனம் வெச்சு, வெளக்குக் காட்டி, சுவிச்ச அமுத்திட்டேன். அப்ப சாயங்காலம் ஆறு மணி."

"அப்புறம்?"

"திங்கக்கிழம காலைல வந்து வெளக்கேத்திட்டு வெளிய டீக்கட ரேடியோவுல கேட்டேன், ஆறு மணின்னான். முள்ளும் ஆறுல கீது! நின்ன எடத்துலயே நேரம் வந்து சேந்துக்கிச்சு. தொட வேண்டிய வேலையே இல்ல. சாமி நிறுத்தி வெச்ச மாதிரின்னு நெனச்சு சந்தோசமா சுவிச்ச போட்டேன் சார்."

பாண்டுரங்கன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் அறைந்துகொண்டார்.

"யோவ்! நமக்குக் காலை ஆறு. அதுக்கு இன்னும் பூசையன்னிக்குச் சாயங்காலம் ஆறுயா! உள்ள இருக்கற சக்கரத்துக்கு ராத்திரியே வரலியே. நமக்கு மத்தியானம் பன்னெண்டு ஆனா அதுக்கு நடு ராத்திரி. அப்ப நாள மாத்திடுது. நாம காலைல போட்டா சரியான நாள்ல விழும். சாயங்காலம் போட்டா மறுநாள்ல விழும்!" மேனேஜர் பக்கம் திரும்பினார். "தெனம் வர்றவங்களுக்குத் தெரியாது சார். முந்தின நாள் சாயங்காலம் இன்னிய வரிசையில வந்து ஒக்காந்துக்கும், பாக்கறதுக்கு முழுசா இருக்கும். நடுவுல ஒரு நாள் வராதவளுக்கு மட்டும்தான் வெளிய தெரியும். இவ புதன்கிழமைக் கட்டத்துல இருக்கறது, செவ்வாக்கிழம இவளே போட்டது சார். நான் திங்கக்கிழம நாள மட்டும் தள்ளி வெச்சேன். சந்தனம்தான் அடச்சுக்கிச்சுன்னு நெனச்சுட்டேன்."

அம்சவல்லி அவ்வளவையும் கேட்டாளா இல்லையா, தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, அப்ப திங்கக்கிழம நான் போட்டேன், இல்ல?"

"போட்டடி."

"நேத்து நான் வரல, இல்ல?"

"வரலடி. கழனியிலதான் இருந்த."

அங்கேயே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

பாண்டுரங்கன் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து பெரிய முள்ளை விரலால் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிச் சுற்றி, சின்ன முள்ளும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும் வரை சுற்றினார். பார்ப்பதற்கு ஒன்றுமே மாறவில்லை. பிறகு சாவி போட்டு நாளை வியாழனுக்கு இழுத்தார். ஒரு வெற்றுக் கார்டைச் செருகி அழுத்தினார். எடுத்துப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார். வாலாஜாபாத்காரி, "அப்பாடா, இனிமேலாவது வூட்டுக்குப் போவலாமா சார்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. தணிகாசலத்தைப் பார்த்து, "உன்கிட்டே நாளைக்கு வந்து பேசிக்கறேன்" என்றார். அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, நாளைக்கு வந்துடு" என்று அம்சவல்லியிடம் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

அவள் எழுந்து பின்னாலேயே ஓடினாள்.

"சார், அந்தப் பேப்பரு."

"அதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சே."

"கிழிச்சுடுங்க சார்."

"நான் பார்த்துக்கறேன், போ."

"கிழிச்சுடுங்க சார். அது இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

கார்க் கதவு பாதி திறந்தபடி நின்றது. அவள் நகரவில்லை. அவர் பேப்பரை எடுத்து, இரண்டாக, நாலாகக் கிழித்தார். கீழே போடப் போனார். அவள் முந்தானையை விரித்து நீட்டினாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, துண்டுகளை அதில் போட்டார்.

அந்த முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டுதான் ஏரிக்கரை வரைக்கும் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு துண்டாக அடுப்பில் போட்டு, கரியாகும் வரை குச்சியால் கிளறினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அணைந்த பிறகு தண்ணீர் தெளித்தாள்.

தணிகாசலத்தை மேனேஜர் வேலையை விட்டு எடுக்கவில்லை. பாண்டுரங்கன்தான் பரிந்து பேசினாராம், அந்த ஆள் வாயைத் திறக்காவிட்டால் சனிக்கிழமை போடுகிற கூலிக் கணக்கில் கம்பெனி பூராவும் குழம்பியிருக்கும் என்று. அம்சவல்லியைத் தீபாவளிக்கு முன்னால் பர்மனென்ட் ஆக்கினார்கள். எனக்கு அடுத்த வருஷம் கிடைத்தது. அவள் அந்தக் கொட்டகை மூடும் வரை அதே பெஞ்சில் உட்கார்ந்து மணி தட்டினாள். பெண்ணைப் படிக்க வைத்தாள், சேரப்பணஞ்சேரியில் கட்டிக்கொடுத்தாள், துண்டு நிலத்தை விற்காமல் வைத்திருந்தாள்.

ஆனால் அன்றிலிருந்து சாயங்காலம் அவள் கார்டு போட்டால், உடனே தட்டியில் வைக்க மாட்டாள். தணிகாசலத்திடம் நீட்டுவாள்.

"எந்த நாள்ல விழுந்துச்சுண்ணா?"

"இன்னிக்குத்தாம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணத் தொறந்து காட்டட்டுமா?" என்பார். என்னிடமிருந்து கற்றுக்கொண்டது.

அவளைப் பார்த்து மற்றவர்களும் நீட்ட ஆரம்பித்தார்கள். தினம் கேட்டில் கூட்டம் நகராது. வாலாஜாபாத்காரிக்கு பஸ் போய்விடும், திட்டிக்கொண்டே அவளும் நீட்டுவாள்.

அடுத்த ஆயுத பூசைக்குத் தணிகாசலம் சந்தனக் கிண்ணத்தோடு டைம் ஆபீஸுக்கு வந்தபோது, அம்சவல்லி அங்கே முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தாள். சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தாள்.

"பொட்டு வை, பூ வை. இத மட்டும் தொடாத."

"பாவம் தங்கச்சி, அதுவும் ஒரு ஆயுதம்தான? ஒரு ராத்திரி ஓயட்டுமே."

"அது ஒரு ராத்திரி ஓய்ஞ்சா நான் ஒரேயடியா ஓய்ஞ்சுடுவேன்" என்றாள். கற்பூரம் எரிந்து அணையும் வரை கையை எடுக்கவில்லை.

அன்றைக்கு இருட்டுவதற்குள் கிளம்பி, பொரி மூட்டையோடு நடந்தோம். ஏரிக்கரை ஏறும்போது நின்றுவிட்டாள்.

"யக்கா, சுவிச்சு மேல கை வெச்சிருந்தனே, நானே அத அமுத்திட்டேனா?"

"இல்லடி. ஓடிக்கினுதான் இருந்துச்சு."

"மெய்யாலுமா?"

நான் கம்பெனிப் பக்கம் திரும்பி நடந்தேன். அவளும் கூடவே வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று, இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டோம்.